தயிர்க் கிண்ணத்துக்குப் பக்கத்தில் ஒரு வண்டு

டச்சிங் அக்காவிடம் போட்டோ எடுத்துக்கொண்டவர்கள் யாரும் தங்கள் முகத்தைத் திட்டிக்கொண்டு வெளியே போனதில்லை. பருவோடு வந்தவர்கள் பருவில்லாமல் போனார்கள். தூக்கம் கெட்ட கண்ணோடு வந்தவர்கள், ஒரு வாரம் நிம்மதியாகத் தூங்கி எழுந்த மாதிரி படத்தில் சிரித்தார்கள். கடவுள் அவசரத்தில் விட்டதையெல்லாம் எங்கள் அக்கா நிதானமாக உட்கார்ந்து சரிபண்ணிக் கொடுப்பாள் என்று ஸ்டூடியோ முதலாளி வருகிறவர்களிடம் பீற்றிக்கொள்வார். அக்கா லீவு கேட்கிற அன்றைக்கு மட்டும் அந்தப் பேச்சு வாயில் வராது.

ஸ்டூடியோ பாஷையில் படத்தைத் திருத்துகிற வேலைக்கு டச்சிங் என்று பெயர். முன்னெல்லாம் நெகட்டிவில் பென்சிலை வைத்துச் செய்தார்கள், இப்போது கம்ப்யூட்டரில் மவுஸைப் பிடித்துச் செய்கிறார்கள். அக்கா கல்யாணத்துக்கு முன்பே இந்த வேலைக்கு வந்தவள். பஸ் நிறுத்தத்துக்கு எதிரே, பல் டாக்டருக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவில் இருக்கிற அந்த ஸ்டூடியோவின் பின்னறையில், ஜன்னல் இல்லாத சுவரைப் பார்த்து உட்கார்ந்து உட்கார்ந்து, கை தானாகவே வேலை செய்யப் பழகிவிட்டது. வாய் பேசிக்கொண்டிருக்கும். மனசு, வீட்டில் மோட்டாரை அணைத்தோமா இல்லையா என்று குழம்பிக்கொண்டிருக்கும். கை மட்டும் அதுபாட்டுக்கு யார் முகத்திலாவது இருக்கிற புள்ளி, கோடு, கீறல் எல்லாவற்றையும் தேடித் தேடித் துடைத்துக்கொண்டிருக்கும். இந்தக் கையைப் பற்றி இப்போதே சொல்லிவைக்கிறேன், பின்னால் வருகிற வினையெல்லாம் அதனால் வந்ததுதான்.

வண்டு அவள் வாழ்க்கைக்குள் ஓடி வந்தது. ஒருநாள் பாஸ்போர்ட் படத்துக்கு ஒரு குழந்தையை ஸ்டூலில் உட்காரவைத்துத் தாய் தலை வாரிக்கொண்டிருந்தாள். பின்னால் தொங்கிய வெள்ளைத் திரையின் அடிப்பக்கத்தில், பீரோவுக்கு அடியிலிருந்து கறுப்பாக ஒன்று கிளம்பி ஓடியது. குழந்தை வீல் என்று கத்தியது. முதலாளி செருப்பைக் கழற்றினார். அக்கா என்ன நினைத்தாளோ, கேமராவைத் தாழ்த்தி ஒரு அமுக்கு அமுக்கினாள். அந்த வெளிச்சத்தில் பயந்தோ என்னவோ, வண்டு சுவரோரம் புகுந்து மறைந்துவிட்டது. முதலாளி தூக்கிய செருப்பைத் திரும்பக் காலில் போட்டுக்கொண்டார்.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது, கறுப்பு என்று நினைத்தது கறுப்பே இல்லை. முதுகில் செம்பும் பச்சையும் கலந்த ஒரு பளபளப்பு. மேலே இரண்டு இறக்கை மூடிகள், அவற்றின்மேல் உழுத வயல் மாதிரி நேர்நேராக வரிகள். அக்கா வாயைப் பிளந்துகொண்டு பார்த்தாள். எத்தனையோ முகங்களைப் பெரிதாக்கிப் பார்த்திருக்கிறாள், பெரிதாக்க ஆக்க அழகு கூடின முகம் அவள் அனுபவத்தில் இதுதான் முதல்.

பூச்சிப் படங்கள் போடுகிற ஒரு குழுவில் அதைப் போட்டு, இது என்ன என்று கேட்டாள். வேறு ஊரில் கல்லூரியில் விலங்கியல் சொல்லிக்கொடுக்கிற ஒரு மேடம் பதில் எழுதினார். “இது தரைவண்டு. பறப்பதைவிட ஓட்டத்தை நம்பிப் பிழைக்கிற கூட்டம். கல்லுக்கடியில் இருக்கும், புழுவைத் தின்னும். படம் நன்றாக இருக்கிறது. இன்னும் இருந்தால் அனுப்புங்கள்.”

இன்னும் இருந்தால் அனுப்புங்கள் என்று அக்காவிடம் அதுவரை யாரும் எதையும் கேட்டதில்லை. அந்த ஒரு வரியில் அவளுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில், மூடிக்கிடக்கிற ஓட்டுத் தொழிற்சாலைக்குப் பின்னாலிருந்த பொட்டலில், உடைந்த ஓடுகளுக்கும் கற்களுக்கும் நடுவே அவள் குனிந்து நின்றாள்.

அதற்குப் பிறகு எந்த ஞாயிறும் அவளை வீட்டில் பார்க்க முடியவில்லை. வேலையைக் கற்றுக்கொண்டாள். கல்லைத் தூக்கும்போது தன் பக்கமாகச் சாய்த்துத் தூக்க வேண்டும். அடியில் தேளோ வேறெதுவோ இருந்தால் எதிர்ப்பக்கம் ஓடும், நம் காலில் ஏறாது. பார்த்து முடித்ததும் கல்லை முன்பு இருந்த மாதிரியே, அதே பள்ளத்தில், அதே முகம் கீழே இருக்கும்படி வைக்க வேண்டும். வண்டு கிடைத்தால் கண் இமைக்கிற நேரம்தான், டப்பாவைக் கவிழ்த்துவிட வேண்டும். மூடியில் இடமும் தேதியும் எழுதின சீட்டை ஒட்ட வேண்டும். வீட்டுக்கு வந்ததும் டப்பா நேராக ஃப்ரிட்ஜுக்குள் போகும். குளிரில் வண்டு விறைத்துப்போய் அசையாமல் இருக்கும். மறுநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஸ்டூடியோவில் வெள்ளைக் காகிதத்தில் வைத்து, குடை விளக்கைப் போட்டு எடுப்பாள். உடம்பில் சூடு ஏறி அது ஓட ஆரம்பிப்பதற்குள் எடுத்தாக வேண்டும். பாஸ்போர்ட் படத்துக்கு உள்ள சட்டதிட்டமெல்லாம் வண்டுக்கும் உண்டு. தலை நேராக, இரண்டு மீசையும் தெரிய, ஆறு காலும் விரிந்து. காது தெரியவில்லை என்று விசா ஆபீஸில் திருப்பி அனுப்புகிற மாதிரி, கால் தெரியவில்லை என்று மேடமும் திருப்பி அனுப்புவார். சாயங்காலம் பஸ் பிடித்துப் போய், வண்டை எடுத்த கல்லுக்கடியிலேயே விட்டுவிட்டு வருவாள்.

அக்காவின் கணவர் லிஃப்ட் மெக்கானிக். பாதி மாடியில் மாட்டிக்கொண்டு அலறுகிறவர்களைச் சிரித்துப் பேசியே சமாதானப்படுத்துகிற தைரியசாலி. பூச்சி என்றால் மட்டும் அவருக்கு உயிர் போய்விடும். ஃப்ரிட்ஜைத் திறப்பதற்கு முன்னால் கதவைத் தட்டிவிட்டுத் திறப்பார்.

“ஏங்க, உள்ள இருக்கிறது வண்டு. அது வந்து கதவத் தொறக்கப்போகுதா?” என்பாள் அக்கா.

“அதுக்கு நான் வர்றது தெரியணும்ல. திடீர்னு தொறந்தா அதுவும் பயப்படும், நானும் பயப்படுவேன். எதுக்கு ரெண்டு பேருக்கும் சங்கடம்?”

ஒரு ஞாயிறு மதியம் அவர் சோற்றுக்குத் தயிர் எடுக்கப் போனார். தயிர்க் கிண்ணத்துக்குப் பக்கத்திலேயே டப்பா இருந்தது. அக்கா குளித்துக்கொண்டிருந்தாள். மனிதருக்கு அன்றைக்கு எரிச்சல் தலைக்கேறிவிட்டது. தன் பாட்டை உறவுக்காரர்களெல்லாம் தெரிந்துகொள்ளட்டும் என்று கிண்ணத்தையும் டப்பாவையும் ஃப்ரிட்ஜின் முன்தட்டுக்கு இழுத்தார். மூடியை ஒரு கரண்டியால் நெம்பித் திறந்து பக்கத்தில் மல்லாத்தினார். பெரிதாகத் தெரிந்தால்தானே பார்க்கிறவர்கள் பயப்படுவார்கள், அதனால் செல்போனை வண்டின் முதுகுக்கு வெகு கிட்டத்தில் கொண்டுபோய் ஒரு படம் எடுத்தார். அந்த நேரம் பார்த்து வண்டு ஒரு காலை அசைத்தது. அவர் போட்ட சத்தத்தில் அக்கா தலையில் சோப்போடு ஓடிவந்தாள். குடும்பக் குழுவில் படம் ஏற்கனவே போய்ச் சேர்ந்திருந்தது. கீழே, “பாருங்கள், நான் சாப்பிடுகிற தயிருக்குப் பக்கத்தில் என் மனைவி யாரைக் குடிவைத்திருக்கிறாள் என்று” என எழுதியிருந்தார்.

நாத்தனார் சும்மா இருப்பாளா? “அண்ணி, வாடகை ஒழுங்கா வருதா?” என்று பதில் போட்டாள். அதற்கு அக்காவின் சொந்தத் தங்கையே சிரிப்புப் பொம்மைகளாகக் கொட்டினாள். அக்கா அந்தப் படத்தைச் சரியாகக்கூடப் பார்க்கவில்லை. டப்பாவை மூடி உள்ளே தள்ளிவிட்டு, அன்று முழுக்கப் புருஷனோடு பேசவில்லை. அவளுக்கு உண்மையிலேயே வலித்தது. மற்றவர்கள் சிரிப்பதை அவள் காதில் போட்டுக்கொள்வதில்லை, வீட்டு மனிதரே ஊரைக் கூட்டிச் சிரிக்கவைத்ததுதான் பொறுக்கவில்லை.

அந்த டப்பாவில் இருந்தது சாதாரண வண்டு இல்லை என்பதும் கோபத்துக்கு ஒரு காரணம். மழை விட்ட மறுநாள், சாக்கடையோரத்துப் பலகைக்கல்லுக்கு அடியில் கிடைத்தது. உடம்பு கன்னங்கரேல், கால்கள் மட்டும் செக்கச்செவேல். செங்கால் என்று அக்கா அதற்குப் பெயர் வைத்திருந்தாள். அந்தப் பொட்டலில் இருக்கிற வண்டுகளையெல்லாம் அதற்குள் முகம் பார்த்தே அடையாளம் சொல்லப் பழகியிருந்தவளுக்கு, இது புது முகமாகப் பட்டது.

மேடம் அப்போது ஒரு கையேடு தயாரித்துக்கொண்டிருந்தார். அந்த வட்டாரத்துத் தரைவண்டுகள் எல்லாவற்றுக்கும் படத்தோடு ஒரு புத்தகம். அக்காவின் படங்கள் அதில் நிறையவே இடம்பிடித்திருந்தன. “ஒவ்வொரு படத்துக்கும் கீழ எடுத்தவங்க பேர் போடுவோம்” என்று மேடம் சொன்னதிலிருந்து அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. நியாயம்தான். இத்தனை வருஷத்தில் அவள் கைபட்ட படம் எத்தனை வீட்டுச் சுவரில் தொங்குகிறது! எல்லாவற்றுக்கும் பின்பக்கத்தில் ஸ்டூடியோ முத்திரைதான் இருக்கும். தன் பெயர் அச்சில் வந்து, அந்தப் புத்தகத்தை நாத்தனார் மடியில் கொண்டுபோய்ப் போட வேண்டும் என்று அவளுக்கு ஆசை. அதிலும் யாரும் எடுக்காத ஒரு வண்டுக்குக் கீழே அந்தப் பெயர் வர வேண்டும். இதை யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை, ஆனால் துணி காயப்போடும்போதுகூட அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

செங்காலின் படத்தை அனுப்பிவிட்டுக் காத்திருந்தாள். மேடம் போனிலேயே கூப்பிட்டார்.

“கால் நிறத்தப் பாத்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சுங்க. இந்த வட்டாரத்துல இதுவரைக்கும் யாருமே படம் எடுக்காத ஒரு இனம் இருக்கு, அதுவோன்னு நெனச்சேன். ஆனா அதுக்கு முதுகுல ரெண்டு பக்கமும், மூணாவது வரியில ஒவ்வொரு குழி இருக்கணும். ஊசியால குத்தின மாதிரி. உங்களோடதுல இல்ல. இது சாதாரணமா கெடைக்கிறதுதான், சிலதுக்குக் கால் செவப்பா இருக்கும்.”

“குழி சின்னதா இருந்து தெரியாமப் போயிருக்குமோ மேடம்?”

“வேற யார் படமா இருந்தாலும் எனக்கும் சந்தேகம் வந்திருக்கும். உங்க படம் அவ்வளவு சுத்தமா இருக்குங்க. குழி இருந்தா கண்டிப்பா தெரிஞ்சிருக்கும்.”

அக்காவின் முகம் தொங்கிப் போயிற்று. ஆனாலும் படித்தவர், புத்தகத்தையும் அருங்காட்சியகத்து வண்டுகளையும் ஒப்பிட்டுப் பார்த்துச் சொல்கிறவர், சொன்னால் சரியாகத்தான் இருக்கும். அன்றைக்குச் சோறு இறங்கவில்லை, அவ்வளவுதான். மறுநாள் வழக்கம்போல் பஸ் ஏறி வேலைக்குப் போனாள்.

அந்த வாரக் கடைசியில் ஒரு தையல்கார அம்மா ஸ்டூடியோவுக்கு வந்தார். இறந்துபோன கணவரின் பழைய படத்தை முந்தைய வாரம் கொடுத்துப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு வாங்கிப்போனவர். இப்போது சட்டத்தைத் துணியில் சுற்றித் திரும்ப எடுத்து வந்திருந்தார். சண்டை போடவில்லை. மேஜையில் வைத்து, துணியை விலக்கிவிட்டுச் சொன்னார்.

“ரொம்ப அழகா இருக்காரும்மா. ஆனா இது அவர் இல்ல.”

“ஏம்மா, என்ன ஆச்சு?”

“புருவத்துக்கு மேல தழும்பு இருக்கும். கல்யாணமான புதுசுல ஏணியிலேருந்து விழுந்தார். நான்தான் ஏணியப் பிடிச்சுக்கிட்டு இருந்தேன், பேச்சு சுவாரசியத்துல விட்டுட்டேன். ஆயுசு முழுக்க அதக் காட்டியே என்னக் கேலி பண்ணுவார். காலையில எந்திரிச்சு இந்தப் படத்தப் பாத்தா யாரோ மாதிரி இருக்கு.” பிறகு கேட்டார், “அது அங்கதானேம்மா இருந்துச்சு? அத யாரு எடுக்கச் சொன்னாங்க?”

யாரும் சொல்லவில்லை. தழும்பு இருந்ததே அக்காவுக்கு நினைவில்லை. கை பார்த்திருக்கிறது, துடைத்திருக்கிறது, அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நல்லவேளை, பழைய படம் அந்த அம்மாவின் கைப்பையில் இருந்தது. உட்காரவைத்து, புதிதாக ஸ்கேன் பண்ணி, முகத்தில் கை வைக்காமல் பெரிதாக்கிக் கொடுத்தாள். தையல்கார அம்மா தழும்பை விரலால் ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டு எழுந்து போனார்.

அவர் படி இறங்கின பிறகுதான் அக்காவுக்குச் செங்கால் நினைவு வந்தது. பின்னறைக்கு ஓடி, செங்காலின் படத்தைத் திறந்து, முதுகின் மூன்றாவது வரியைப் பெரிதாக்கினாள். இன்னும் பெரிதாக்கினாள். ஒட்டுப் போட்டவளுக்குத் தான் போட்ட ஒட்டு தெரியாமல் போகுமா? ஒரு பக்கத்தில் ஒரு இடம், மறுபக்கத்தில் அதற்கு நேராக இன்னொரு இடம். இரண்டு இடத்திலும் பக்கத்திலிருந்த பளபளப்பை எடுத்து ஒட்டியிருந்தது. ஒட்டினது அவளேதான். வெள்ளை வெளிச்சத்தில் தூசி மாதிரித் தெரிந்திருக்கும், கை அதுபாட்டுக்குத் துடைத்துவிட்டது. யாரும் எடுக்காத வண்டைப் போய்க் கண்டுபிடித்து, அதைச் சாதாரண வண்டாக்கி அனுப்பியிருக்கிறாள்! உலகத்தில் எந்தப் பூச்சிக்காரரும் செய்யாத, டச்சிங்காரி மட்டுமே செய்யக்கூடிய தப்பு. அக்கா தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

திருத்தாத படம் இருக்கிறதா என்றால், இல்லை. டச்சிங் முடிந்ததும் பழைய படத்துக்கு மேலேயே சேமித்துவிட வேண்டும், கேமராவின் கார்டை அன்றன்றைக்குத் துடைத்துவிட வேண்டும் என்பது முதலாளி போட்ட சட்டம். கம்ப்யூட்டரில் இடம் கிடையாது, புது கம்ப்யூட்டர் வாங்க அவருக்கு மனசும் கிடையாது. சட்டத்தை அக்கா கண்ணும் கருத்துமாகக் கடைப்பிடித்திருந்தாள்.

இனி ஒரே வழி, செங்காலைத் திரும்பப் பிடிப்பது. ஞாயிறு விடியும்போதே பொட்டலுக்குப் போய்விட்டாள். பலகைக்கல்லுக்கு அடியில் ஒன்றும் இல்லை. மழை நின்று மண் காய்ந்து வெடித்திருந்தது. ஈரம் போனால் வண்டுகள் ஆழத்துக்குப் போய்விடும். அடுத்த மழைக்குத்தான் மேலே வரும், புத்தகமோ அதற்கு முன்பே அச்சுக்குப் போய்விடும். முட்டி தேய, நகம் உடைய, அந்தப் பொட்டலில் ஒரு கல் விடாமல் புரட்டினாள். ஒவ்வொன்றையும் இருந்தபடியே திரும்பவும் வைத்தாள். அழுகையும் ஆத்திரமுமாக வந்தபோதுகூட அந்தப் பழக்கம் மட்டும் மாறவில்லை. பூரான் கிடைத்தது, கறையான் கிடைத்தது, செங்கால் கிடைக்கவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் அதே கதைதான்.

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். மற்ற படங்களாவது பெயரோடு வந்திருக்கும், யாருக்கு என்ன தெரியப்போகிறது? அக்காவும் பஸ்ஸில் வரும்போது அப்படித்தான் நினைத்தாள். ஆனால் பொட்டலில் அப்படி ஒரு வண்டு ஓடிக்கொண்டிருப்பது தெரிந்தும், அது இல்லை என்று ஒரு புத்தகம் சொல்லிக்கொண்டே இருக்கும் என்பதை அவளால் தாங்க முடியவில்லை. பஸ்ஸை விட்டு இறங்கி, நிறுத்தத்திலேயே நின்றபடி மேடத்துக்குப் போன் போட்டாள்.

“மேடம், அந்தக் குழி ரெண்டும் இருந்துச்சு. நான்தான் தூசின்னு நெனச்சுத் தொடச்சிட்டேன்.”

மேடம் மெதுவாகக் கேட்டார். “தொடச்சேன்னா?”

அக்கா எல்லாவற்றையும் சொன்னாள். கை, டச்சிங், முதலாளி சட்டம், எல்லாம்.

“அப்போ நீங்க அனுப்பின மத்த படமெல்லாம்?”

இந்தக் கேள்வி வரும் என்று அக்காவுக்குத் தெரியும். “எல்லாத்துலயும் கை வெச்சிருக்கேன் மேடம். எதுல எத எடுத்தேன்னு எனக்கே தெரியாது.”

மேடம் திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். “எனக்கு வருத்தமாத்தான் இருக்குங்க. ஒரு மயிரு, ஒரு குழி, அத வெச்சுத்தான் இந்தக் கூட்டத்துல ஒண்ண இன்னொண்ணுலேருந்து பிரிக்கிறோம். தொடச்ச படத்த நான் புத்தகத்துல போட முடியாது. உங்க படம் எல்லாத்தையும் எடுத்துடறேன். செங்காலுக்கும் பக்கம் ஒதுக்க முடியாது, ஆதாரம் வேணும்ல?” என்று சொல்லிவிட்டு, “சொன்னதுக்கு நன்றிங்க” என்று வைத்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து அக்கா சமையலறைத் தரையில், ஃப்ரிட்ஜில் சாய்ந்து உட்கார்ந்தாள். லிஃப்ட்காரர் பழக்கதோஷத்தில் ஃப்ரிட்ஜ் கதவைத் தட்டப் போனவர், அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் கையை இறக்கினார். அவளைக் கிண்டல் பண்ணுவாரே தவிர, அவள் அழுதால் மனிதருக்குக் கை கால் ஓடாது. பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்து என்ன ஏது என்று கேட்டார். அவள் விக்கி விக்கிச் சொன்னதில் பாதிதான் அவருக்குப் புரிந்தது. பெயர் போய்விட்டது என்பது புரிந்தது.

“அந்தச் செவப்புக் கால் சனியனா? அது என்னப் பாத்துக் கால ஆட்டிச்சே, அதுவா?”

“ம்.”

“அத நானும்தானே ஒரு படம் எடுத்தேன்? நீகூட அன்னிக்கு முழுக்கப் பேசாம உயிர எடுத்தியே?”

அக்கா அழுகையை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தாள். பிறகு அவர் கையிலிருந்த செல்போனைப் பிடுங்கினாள். குடும்பக் குழுவில் மேலே, மேலே, யார் யாருடைய பிறந்தநாள் வாழ்த்துகளையும் தாண்டிப் போனாள். நாத்தனாரின் வாடகைப் பேச்சுக்கு மேலே அந்தப் படம் இருந்தது.

படம் என்று சொல்ல வாய் கூசும். ஒரு மூலையில் அவருடைய கட்டைவிரல். பாதிக் கிண்ணம். டப்பாவின் ஓரத்தில் ஒரு சொட்டுத் தயிர். மல்லாந்து கிடந்த மூடியில் அக்காவின் கையெழுத்தில் இடமும் தேதியும். நடுவில் செங்கால், மனிதர் பயங்காட்டுவதற்காகக் கிட்டத்தில் போய் எடுத்ததால் முதுகு முழுக்கத் தெளிவாக. ஸ்டூடியோவின் குடை விளக்கு எல்லாப் பக்கமும் சமமாக வெளிச்சம் போட்டு மேடு பள்ளத்தையே காட்டாது. ஃப்ரிட்ஜின் விளக்கு ஒரு ஓரத்திலிருந்து சாய்வாக அடிக்கும். அந்தச் சாய்வு வெளிச்சத்தில், மூன்றாவது வரியில், ஒரு பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு குழிகள், நிழல் விழுந்து, ஊசியால் குத்தின மாதிரியே இருந்தன.

“என்னங்க…” என்றாள். அவரைக் கட்டிக்கொண்டாள். எதற்கு என்று தெரியாமலேயே அவரும் கட்டிக்கொண்டார்.

மறுநாள், அனுப்புவதற்கு முன் படத்தை ஸ்டூடியோ கம்ப்யூட்டரில் ஒருமுறை திறந்து பார்த்தாள். கை கிளம்பிவிட்டது. கட்டைவிரலை வெட்டிவிடலாம், தயிர்ச் சொட்டை ஒரே அமுக்கில் எடுத்துவிடலாம், யாருக்கும் தெரியாது. அக்கா வலது கையை எடுத்துத் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள். இடது கையாலேயே தட்டுத்தடுமாறி, திருத்தாத படத்தை அப்படியே மேடத்துக்கு அனுப்பினாள். அடுத்த நிமிஷமே போன் வந்தது. மேடம் சிரிக்கிறாரா அழுகிறாரா என்று பிடிபடவில்லை. “இதுதாங்க! இதேதான்! ஆமா, அந்த விரல் யாரோடது?” என்று கேட்டார்.

புத்தகம் தபாலில் வந்தபோது மழைக்காலம் திரும்பத் தொடங்கியிருந்தது. அக்காவின் மற்ற படங்கள் ஒன்றும் அதில் இல்லை. அந்தப் பக்கங்களில் வேறு யார் யாரோ எடுத்த படங்கள் இருந்தன. அக்கா ஒவ்வொன்றாகப் பார்த்தாள். என்னுடையது இதைவிட நன்றாக இருந்தது என்று ஒவ்வொரு பக்கத்திலும் தோன்றியது, ஒவ்வொரு பக்கத்திலும் நெஞ்சு வலித்தது. செங்கால் ஒரு முழுப் பக்கத்தில் இருந்தது. விரல், கிண்ணம், சொட்டு, எல்லாம் அப்படியே. கீழே, படம் எடுத்தவர் என்ற இடத்தில் லிஃப்ட்காரரின் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது.

மேடம் அக்காவின் பெயரைத்தான் போடுவதாகச் சொன்னார். அக்காதான், எடுத்தவர் அவர், அவர் பெயரைத்தான் போட வேண்டும் என்று சொல்லிவிட்டாள். சொன்னாளே தவிர, அச்சில் பார்த்தபோது பொறாமையில் கண் கலங்கிவிட்டது. அதில் மறைக்க என்ன இருக்கிறது? இத்தனை ஞாயிறு முட்டி தேய்த்தது யார்? பூச்சியைக் கண்டால் நாற்காலியில் ஏறி நிற்கிற மனிதருக்கு யாரும் எடுக்காத வண்டு!

லிஃப்ட்காரருக்குத் தரையில் கால் பாவவில்லை. புத்தகத்தை வேலை செய்கிற கட்டடத்துக்கெல்லாம் தூக்கிக்கொண்டு போனார். லிஃப்டில் ஏறினவர்கள் இறங்குகிற மாடி வருவதற்குள் அந்தப் பக்கத்தைப் பார்த்தாக வேண்டியிருந்தது. நாத்தனார் வந்து, “அண்ணா, வாடகைய மொத்தமா வசூல் பண்ணிட்ட போலிருக்கே!” என்றாள். மனிதர் அதையும் பாராட்டாக எடுத்துக்கொண்டார்.

அன்று சாயங்காலம் சோபாவில் உட்கார்ந்து படத்தையே பார்த்துக்கொண்டிருந்தவர் திடீரென்று முகத்தைச் சுளித்தார். அக்கா அப்போது வாசலில் குனிந்து மறுநாளைக்கான டப்பாக்களைத் துடைத்துப் பையில் அடுக்கிக்கொண்டிருந்தாள். முதல் வண்டிலிருந்து எல்லாவற்றையும் திரும்ப எடுப்பதாக மேடத்திடம் சொல்லியிருந்தாள், இந்த முறை திருத்தாமல்.

“ஏம்மா, எல்லார் மூஞ்சியையும் பளபளன்னு ஆக்குறவ நீ. உன் சொந்தப் புருஷன் எடுத்த படம் இது. இந்தத் தயிர்ச் சொட்ட மட்டும் எடுத்திருக்கக் கூடாதா? பாக்கிறவன் என்ன நெனப்பான்?”

அக்கா நிமிர்ந்தாள். கையிலிருந்த துணியைக் கீழே வைத்துவிட்டு வந்து, அவர் தோளுக்கு மேலே குனிந்து படத்தைப் பார்த்தாள்.

“அது அங்கதானேங்க இருந்துச்சு” என்றாள்.